ஏழு நாள் கடல்

மாமாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு இலங்கை மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தவர்கள்: என் அத்தை பச்சையம்மா, அவள் மகன் அருணாசலம், மருமகள் செல்லம்மா, அவர்களுடைய கைக்குழந்தை, பக்கத்து வீட்டுக்காரர்கள், தப்பு அடிக்கிறவர்கள் இரண்டு பேர். இருந்திருக்க வேண்டியவர், இல்லாதவர், ஒருவர்தான். என் அப்பா ஏழுமலை. அன்று அவர் ஆரணியில் சாயப்பட்டறையில் முழங்கை வரை அரக்கு நிறத்தோடு பட்டு பிழிந்துகொண்டிருந்தார். இலங்கையிலிருந்து சாவுச் செய்தி வந்து சேர்ந்ததே இருபத்திரண்டாம் நாள்தான்.

எங்கள் பக்கத்தில் புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடி வர வேண்டும். யாரும் கட்டாத, நனைக்காத, மடிப்புக் கலையாத புதுப் புடவை. உடன்பிறந்தவன் அதைத் தன் கையால் அவள் தோளில் போட வேண்டும். அத்தை, லயத்து ஜனங்கள் போட்ட கோடியை எல்லாம் வாங்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, "எந்தம்பி கோடி வராம என் துக்கம் முடியாது" என்று சொல்லிவிட்டாளாம். அருணாசலம் மாமன் எழுதியிருந்தார்; அத்தை மகனையும் நாங்கள் மாமன் என்போம். அப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

அப்பாவுக்குக் கையெழுத்து வராது; பாஸ்போர்ட், மனு என்றாலே பயம். வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். வேலூரில் பி.ஏ. சரித்திரம் முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். அதனால், எழுபத்தைந்தாம் வருஷம், அப்பாவின் கைக்குப் பதில் என் கை போவது என்று முடிவாயிற்று.

நூல் புடவை போதும் என்றாள் அம்மா. அப்பா கேட்கவில்லை. "ஊரான் பொண்டாட்டிக்கெல்லாம் சாயம் போட்டுகினு கீறேன். எங்கக்காவுக்கு ஒண்ணு போட மாட்டனா?" என்றார். சந்தன நிறத்தில் அவரே தோய்த்த பட்டு. பஸ் ஸ்டாண்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "கோடியப் போட்டுட்டு சும்மா வந்துடாத மூர்த்தி. ஒங்கத்தைக்கு இந்தியா காயிதம் வந்துட்டுதாம். கையோட இட்டுகினு வந்துடு. எப்டினா இட்டுகினு வா."

அந்த 'எப்டினா' என் பையிலேயே வந்தது.

*

ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறியபோது கடல் என்றால் இரைச்சலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது எங்கள் ஏரி நிறைந்த நாள் போலக் கிடந்தது. சாயத் தொட்டியில் இரண்டாம் முறை அலசிய தண்ணீருக்கு ஒரு நிறம் வருமே, பச்சையும் இல்லாமல் நீலமும் இல்லாமல், அந்த நிறம். நடுநடுவே மணல் திட்டுகள் வெள்ளையாக முதுகு காட்டின. ஒரு திட்டில் பறவைகள் நின்றுகொண்டிருந்தன. அதைச் சுற்றி முழங்கால் ஆழம்கூட இருக்காது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன். கல்லூரியில் வரைபடத்தில் இந்த இடத்தைப் பென்சிலால் பலமுறை தொட்டிருக்கிறேன். இந்தத் தண்ணீர் இரண்டு தேசங்களைப் பிரித்தது என்று பாடத்தில் படித்தோம். மேலே நின்று பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. படை போனது இதில்தான். துறவிகள் போனதும் முத்து வாங்கப் போனதும் கூலிக்குப் போனதும் இதில்தான். இந்தத் தண்ணீர் யாரையும் தடுத்ததாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்னால் இருந்த கரை கண்ணுக்கு மறைந்தது. முன்னால் இருந்த கரை இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில், நான் எந்த ஊர்க்காரனும் இல்லாமல், சும்மா மிதந்துகொண்டிருந்தேன். அது நன்றாகத்தான் இருந்தது.

என் பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருவர் நாலு புடவையை ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டியிருந்தார். அதனால் உட்கார முடியாமல் சாய்ந்தே இருந்தார். என் துணிப்பையை எட்டிப் பார்த்தார்.

"பட்டா தம்பி? புதுசை அந்தப் பக்கம் விட மாட்டாங்க. குடுங்க, அஞ்சாவதா நான் கட்டிக்கிட்டு வாரேன். இறங்குனதும் அவுத்துத் தாரேன்."

"கோடிங்க. வேற யாரும் கட்டக் கூடாது."

"அப்படின்னா கொஞ்சம் தண்ணியைத் தொளிச்சுக் கசக்குங்க. பழசுன்னு விட்டுருவாங்க."

"நனைக்கவும் கூடாதுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்க சாமி ரொம்பக் கெடுபிடி தம்பி" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

தலைமன்னார் துறையில் நாலு புடவையும் நடந்து வெளியே போயின. என் ஒரு புடவை நின்றது. சுங்க அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைச் சட்டை, பொறுமையான முகம். மடிப்பைப் பிரிக்கப் போனவரின் கையை நான் பிடித்துவிட்டேன்.

"செத்த வீட்டுக் கோடிங்க. பிரிச்சா போச்சுங்க."

"செத்த வீடு எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம்" என்றார். ஆனாலும் பிரிக்கவில்லை. "தம்பி, புதுச் சீலை, அதுவும் பட்டு. சும்மா விடேலாது. வரியும் தண்டமும் கட்டினால் தருவம்."

அவர் சொன்ன தொகை என்னிடம் இல்லை. ஒரு மாதம் வைத்திருப்பதாகச் சொல்லி ஒரு ரசீது கொடுத்தார். "இந்தத் துண்டைத் துலைச்சுப் போடாதையும்." கோடி கொண்டுபோக வந்தவன் காகிதம் கொண்டுபோனேன்.

*

தலைமன்னாரில் நான் ஏறிய ரயில் ராத்திரி மதவாச்சியில் நின்றது. இஞ்சினுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றார்கள். நான் தூங்கி எழுந்தபோதும் அங்கேயேதான் நின்றது, விடிந்திருந்தது. இன்னொரு இஞ்சின் வர மத்தியானம் ஆகும் என்று கேட்டதும் ஜனங்கள் இறங்கிப் பல் விளக்கப் போனார்கள். அவர்கள் பின்னால் நானும் போனேன். ஸ்டேஷனைத் தாண்டி ஒரு கரை. அதன் மேல் ஏறினேன்.

கரைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர்ப் பெரணமல்லூர் ஏரி கிடந்தது.

நிஜமாகவே ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன். அதே வளைந்த கரை, அதே மதகுக் கல், அதே அல்லி. பனிப்புகைக்குள் ஒரு எருமை கழுத்து வரை நின்றுகொண்டிருந்தது. வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்து வீட்டின் பின்பக்கம் போய் நிற்கிறோமோ என்று இருந்தது.

கரையடியில் ஒரு தேநீர்க் கடை. கடைக்காரருக்குத் தமிழும் சிங்களமும் தெரியும். சர்க்கரை கிடைக்காத காலம். உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டி வைத்து, அதைக் கடித்துக் கடித்துப் பால் இல்லாத சாயத் தேநீர் குடிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு சிங்கள விவசாயி, சேற்றுக் காலோடு உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டதைக் கடைக்காரர் எனக்குச் சொன்னார்.

"உன் ஊரிலும் குளம் இருக்கிறதா?"

"இருக்கிறது. ஏரி என்போம்."

"யார் கட்டினது?"

"பழைய ராஜாக்கள்."

"எங்களுக்கும் ராஜாதான். மழை எப்போது?"

"ஐப்பசி, கார்த்திகை."

கடைக்காரர் அதை அவர்களுடைய மாதமாக மாற்றிச் சொன்னதும் அந்த மனிதர் விரலை மடக்கி எண்ணினார். சிரித்தார். "அப்படியானால் நாம் ஒரே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்."

அவருடைய முன்னோர் எப்போதோ, கரை உடைந்து காய்ச்சல் பரவியபோது இந்த இடத்தை விட்டு மழை விடாமல் பெய்யும் தெற்குப் பக்கம் போய்விட்டார்களாம். நூற்றுக்கணக்கான வருஷம் இங்கே காடுதான். அவருடைய அப்பா காலத்தில் அரசாங்கம் குளத்தைத் திருத்தி நிலம் கொடுக்க, திரும்பி வந்தார்களாம்.

மத்தியானம் வரை அந்தக் கரையில் உட்கார்ந்து நான் யோசித்துக்கொண்டிருந்தேன். குளம் உடைந்தது, ஜனம் தெற்கே நகர்ந்தது, வடக்கே தமிழர்கள் தங்கினார்கள், நடுவில் காடு வளர்ந்தது. கடல் பிரிக்காததை அந்தக் காடு பிரித்துவிட்டது. இரண்டு பக்கத்தாரும் ஒருவர் பேச்சை ஒருவர் மறக்க அத்தனை காலம் போதும். மலை மட்டும் வேறு கதை. அதற்கு இன்னொரு மழை, ஆனி ஆடியில். குளம் வேண்டாத மலை. அங்கே வெள்ளைக்காரன் காப்பி போட்டான், பிறகு தேயிலை போட்டான். பறிக்கக் கை வேண்டியிருந்தது. அந்தச் சமயம் பார்த்து எங்கள் ஏரிகள் காய்ந்து கிடந்தன. ஆற்காட்டுச் சீமையில் ஏரி வற்றிய வருஷங்களைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவன் அந்த மலை லயங்களில் போய்த் தலை எண்ணினால் போதும். என் அத்தையும் ஒரு தலை.

*

மலை ரயில் மேகத்துக்குள் போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போயிற்று. ஹட்டனில் இறங்கி ஏறிய பஸ், ஒரு வளைவில் மூச்சு வாங்கிப் பின்னால் உருளத் தொடங்கியது. கண்டக்டர் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். எல்லாரும் இறங்கித் தள்ளினோம். கண்ணமங்கலம் ரோட்டில் எங்கள் பஸ்ஸைத் தள்ளும்போது வியர்க்கும், இங்கே வாயிலிருந்து புகை வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துக் காம்பிரா, ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. தலையில் கம்பளியைக் கவிழ்த்துக்கொண்டு, கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த குள்ளமான பெண்ணுக்கு அப்பாவின் மூக்கு.

"இன்னாடா, இப்பிடி எளச்சிப் பூட்டே?" என்றாள். என்னை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. நாற்பது வருஷம் அந்த மலையில் இருந்தும் அந்த 'இன்னாடா' மட்டும் கரையவில்லை. செல்லம்மா சிரித்தாள். அத்தை பேசுவதைக் கேட்டு லயத்துப் பிள்ளைகள் சிரிக்குமாம்.

"எப்பக் கப்பல் ஏறின?"

"மூணு நாளு ஆவுது, அத்தே. இஞ்சின் ரிப்பேர், ரோட்டுல பேஜார். இல்லாட்டி முந்தியே வந்திருப்பேன். கடலு மட்டும் மூணு மணி நேரந்தான்."

"பொய் பேசாத. ஏழு நாளு கடலு."

எனக்குப் புரியவில்லை. அருணாசலம் மாமன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அம்மா வந்தப்ப ஏழு நாளு கடல்ல கிடந்தாங்களாம். இந்த லயத்துல எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவோம். ஏழு நாள் கடல்."

பதின்மூன்று வயதில், கல்யாணம் ஆன கையோடு வந்தவள். கேட்டுக் கேட்டுத்தான் எனக்குப் பிடிபட்டது. கூலிக்குப் போகிறவர்களை நோய் இருக்கிறதா என்று பார்க்க மண்டபம் முகாமில் ஒரு வாரம் அடைத்து வைப்பார்கள். ராப்பகலாக அலைச்சத்தம், மருந்து வாடை, வாந்தி. அந்த நாட்களையும் கப்பலையும் சேர்த்து அவள் மனசு ஒரே கடலாக ஆக்கிவிட்டது. நான் விளக்கிச் சொன்னேன்.

அத்தை அசையவில்லை. "எங்களது கூலிக் கப்பலு. நீ படிச்சவன். வேற கடல்ல வந்திருப்ப."

ரசீதைக் கொடுத்தேன். என்ன சொல்வாளோ என்று பயந்தேன். அவள் அதைத் தகரப் பெட்டியில், மாமாவின் வேட்டி மடிப்புக்குள் வைத்தாள். "வந்துட்டுது இல்ல, அந்தக் கரையில இருக்குது. எந்தம்பி ஏழு நாளு கடலத் தாண்டி அனுப்பிகிறான்" என்று செல்லம்மாவிடம் பெருமையாகச் சொன்னாள்.

நாலு நாள் இருந்தேன். காலையில் மாவு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும், மத்தியானம் மரவள்ளிக் கிழங்கு, ராத்திரி மறுபடி ரொட்டி. வருஷம் முழுக்க மழை பெய்கிற அந்த மலையில் ஒரு நெல்மணி விளையாது. ஆறு மாதம் வெயிலில் வெந்து கிடக்கிற ஆரணியிலிருந்து அரிசி மூட்டை மூட்டையாகப் போகும். "அங்க தெனமும் சோறு துன்றீங்களா?" என்று அத்தை இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் தலையை மட்டும் ஆட்டினேன்.

நாலாம் நாள் மழைக்குள் உட்கார்ந்திருந்தபோது அவள் அந்தக் காகிதத்தை எடுத்து வந்தாள். இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு மலை ஜனங்களை உனக்கு இத்தனை எனக்கு இத்தனை என்று பங்கு பிரித்திருந்த காலம். அருணாசலமும் செல்லம்மாவும் அந்த நாட்டுப் பங்கு. பெரணமல்லூர்ப் பக்கம் பிறந்த அத்தை நம் பங்கு. காகிதம் இங்கிலீஷில் இருந்தது.

"நீ படிச்சவன், பாத்துச் சொல்லு. ஒருத்தன் போனா வர முடியாதுங்கிறான், ஒருத்தன் வரலாங்கிறான். எந்தம்பியப் பாத்துட்டு நான் இங்க திரும்பி வரலாமா?"

"போனவுங்க யாருமே வரலியே அத்தை" என்றாள் செல்லம்மா, குழந்தையைத் தட்டியபடி.

"ஏழு நாளு கடல எவ ரெண்டு வாட்டி தாண்டுவா? அவுங்களுக்கு இங்க யாரும் இல்ல. எனக்கு மகன் இருக்கான், பேரன் இருக்கான். மேட்டுல ஒங்க மாமன் படுத்திருக்குது."

படித்தேன். நாலாவது பத்தியில் தெளிவாக இருந்தது: இந்தப் பயணம் ஒருமுறைக்கு மட்டும், இந்த நாட்டில் தங்கும் உரிமை அத்தோடு முடிகிறது. வெளியே மலை முழுவதும் மழைக்குள் மறைந்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் என் தோளைப் பிடித்த சாயக் கை ஞாபகம் வந்தது.

"வரலாம்னுதான் போட்டிருக்குது, அத்தே" என்றேன்.

அருணாசலம் மாமன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். எழுந்து போய் ஒரு கோழி வாங்கி வந்தார்.

*

நாங்கள் கிளம்பிய அன்று ஹட்டன் ஸ்டேஷனில் இன்னும் மூன்று குடும்பங்கள் இந்தியாவுக்குப் போயின. மொத்த மேடையும் அழுதது. பெட்டியைப் பிடித்துக்கொண்டு, தண்டவாளத்தில் உட்கார்ந்துகொண்டு, ரயிலைத் தட்டிக்கொண்டு அழுதார்கள். அருணாசலம் மாமன் மட்டும் அழவில்லை. "பொங்கலுக்கு வந்திருங்கம்மா" என்று குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டினார். நான் மறு பக்கத்து ஜன்னலுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை தலைமன்னார். ரயில் கடலுக்குள் நீண்டிருந்த துறை வரைக்கும் போய் நின்றது. அத்தை இறங்கிக் கம்பளியை மடித்துக் கக்கத்தில் வைத்தாள். கடல் வெயிலில் அசையாமல் கிடந்தது. கப்பல் வெள்ளையாக நின்றது.

"எந்தக் கடல்டா இது?"

"அதே கடல்தான் அத்தே."

அவள் நம்பாமல் கப்பல் கலாசி ஒருவரைக் கேட்டாள். "இது எப்ப அக்கரைக்குப் போவும்?" பொழுது சாய்வதற்குள் போய்விடும் என்றார் அவர். தினமும் பார்க்கிற விஷயத்தைக் கேட்கிறாளே என்ற முகத்தோடு சொன்னார்.

சுங்க அறையில் அதே யாழ்ப்பாணத்துக்காரர். மகன் கொடுத்த பணத்தை அத்தை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுத்தாள். கோடி, வைத்த மடிப்புக் கலையாமல் வந்தது. வெளியே வந்ததும் அவள் முகம் சின்னப் பெண்ணின் முகம் போல ஆகிவிட்டது.

"இத்தினியூண்டுதானா! நாப்பது வருசமா ஏழு நாளு, ஏழு நாளுன்னு பயந்துகினு கெடந்தேனே. அப்ப பொங்கலுக்கு வருவேன், ஆடிக்கு வருவேன். பேரன் பள்ளிக்கூடம் போறதுக்குள்ள நாலு வாட்டி வந்துட்டுப் போவேன். கப்பக்காரன் 'ஏ கெழவி, மறுபடியுமா'ங்கப் போறான்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கையில் கோடியோடு நின்றுகொண்டு சொன்னேன். "அத்தே, நான் பொய் சொல்லிட்டேன். போனா திரும்பி வர முடியாது. காயிதத்துல அப்டித்தான் இருக்குது."

கப்பல் ஊதியது. அவள் பெட்டியைத் திறந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

"படி. ஒரு வரியக்கூட முழுங்காத."

வரி வரியாகத் தமிழில் சொன்னேன். நாலாவது பத்தியை இரண்டு தரம் சொல்லச் சொன்னாள். கேட்டுவிட்டுக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெடு எதுவரைக்கும்?"

"இன்னும் ஏழு மாசம் இருக்குது. அதுக்கப்பறம் இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாது, அத்தே." அது உண்மை.

"கடலு பெருசு, அதான் எந்தம்பி வரலன்னு நெனச்சிகினு இருந்தேன். அது சின்னதாப் பூட்டுது. இப்பத்தான்டா அவன் மேல கோவம் வருது" என்றாள். குரல் உயரவில்லை. "போடு கோடிய. அது அவன் தோச்சது. அதுல ஒண்ணும் பொய்யி இல்ல."

அந்தத் துறையில், அந்தப் பக்கத்து மண்ணும் இல்லாமல் இந்தப் பக்கத்து மண்ணும் இல்லாமல், மரப் பலகைகளின் மேல் நின்று அவள் தோளில் கோடியைப் போட்டேன். அப்போதுதான் அழுதாள். மாமாவுக்காக ஒரு வருஷம் எடுத்து வைத்த அழுகை. வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். சுங்க அதிகாரி வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள். நான் வாங்கப் போனேன். தள்ளிவிட்டாள்.

"நீ ஜல்தி ஏறு. எனக்கு வாய் இருக்குது, கேட்டுகினு மலைக்கே திரும்பிப் போய்க்குவேன். ஒங்கப்பன்கிட்ட சொல்லு, மூணு மணி நேரந்தான்னு. அவன் வரட்டும். அவனுக்குத் திரும்பிப் போற காயிதம் குடுப்பாங்க இல்ல?"

"குடுப்பாங்க அத்தே."

"இது நெசந்தானே?"

"நெசம்."

கப்பல் நகர்ந்தபோது ரயில் இன்னும் துறையில் நின்றுகொண்டிருந்தது. ஒரு ஜன்னலில் சந்தன நிறம் தெரிந்தது. வெகு நேரம் தெரிந்தது. அந்தக் கரை மறைந்து இந்தக் கரை வராத இடத்துக்கு வந்தபோது கடல் போன தடவையைப் போலவே அமைதியாக இருந்தது. எனக்குத்தான் அது முடியவே முடியாதோ என்று இருந்தது. எந்தக் கடலை அவள் ஏழு நாள் என்றாள் என்று கொஞ்சம் விளங்கிற்று.

எல்லாவற்றையும் அப்பாவிடம் அப்படியே சொன்னேன், ஒரு வரியும் விழுங்காமல். சாயம் காயாத கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "மூணு மணி நேரந்தானா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் பட்டறைக்குப் போகவில்லை. முதலாளியிடம் முன்பணம் கேட்டு வாங்கினார். பாஸ்போர்ட் மனுவில் அவர் பெருவிரலைப் பிடித்து நான்தான் அழுத்தினேன். மையைவிட அரக்குச் சாயம்தான் அதிகம் பதிந்தது.

புடவையின் விலை, வரி, தண்டம், அத்தை தனியே மலைக்குத் திரும்பிய டிக்கெட், இந்த மனுவின் கட்டணம், அந்த நாட்டுக் காசையும் இந்த நாட்டுக் காசையும் ஒன்றாகவே வைத்துக் கூட்டினால், ஒரு கோடி ஒரு தோளுக்குப் போய்ச் சேர எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஆன செலவு நானூற்று முப்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு.